தொட்டாலே பாயும் ஆணி வேண்டாம்
பேலட் தொழிற்கூடங்களில் நெயில் கன் காயங்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பேலட், மரப்பெட்டி, சோபா சட்டம் செய்யும் இடங்களில் ‘காண்டாக்ட் டிரிகர்’ நெயில் கன்னை அடியோடு நிறுத்த வேண்டும். ‘கவனமாக வேலை செய்’ என்று சுவரில் பலகை மாட்டுவதை இதற்கு மாற்றாக நாங்கள் ஏற்கவில்லை.

கோளாறு கருவியில்தான் இருக்கிறது. இந்த வகையில் டிரிகரைப் பிடித்தபடியே முனையால் தொட்டுக்கொண்டு போனால் போதும், தொட்ட இடமெல்லாம் ஆணி இறங்கும். பலகையா, தொடையா என்று அதற்குத் தெரியாது. அடித்ததும் கருவி உதைத்து எழும்பி மறுபடி மரத்தில் பட்டால் இரண்டாவது ஆணியும் பாயும். பலகையைப் பிடித்திருப்பவரின் கை அப்போது சில அங்குலத் தொலைவில் இருக்கும். ‘சீக்வென்ஷியல் டிரிகர்’ அப்படியல்ல; முனையை அழுத்திய பிறகு டிரிகரை இழுத்தால்தான் ஆணி பாயும், ஒவ்வோர் ஆணிக்கும் விட்டு இழுக்க வேண்டும். அமெரிக்காவில் பயிற்சித் தச்சர்களிடையே நடந்த ஆய்வுகளில் காண்டாக்ட் வகையின் காய அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

அங்கே 2001–2005இல் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் நெயில் கன் காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தனர். இங்கே, காயம்பட்டவர் 48 மணி நேரமாவது வேலை செய்ய முடியாமல் போனால்தான் விபத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விரலில் கட்டோடு மறுநாளே வந்துவிடுபவர் கணக்கில் வருவதில்லை. பீஸ் ரேட்டில் இருப்பவர் வராமல் என்ன செய்வார்?

வேகம் குறையும் என்கிறார்கள் உரிமையாளர்கள். அனுபவமுள்ள 10 தச்சர்கள் சிறு மரக் கொட்டகைகளை இரண்டு டிரிகராலும் கட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வில், காண்டாக்ட் வகை ஆணியடிக்கும் நேரத்தில் 10 சதவீதத்தை மிச்சப்படுத்தியது. மொத்தக் கட்டுமான நேரத்தில் அது 1 சதவீதம்கூட இல்லை. பேலட் மேசையில் பெரும்பகுதி ஆணியடிக்கும் வேலைதான் என்பதால் இழப்பு கூடும், மறுக்கவில்லை. அதைக் கூலியில் பிடிக்கக் கூடாது. பீஸ் ரேட்டை உயர்த்தி நிர்ணயிக்க வேண்டும். புதுக் கருவி வாங்க வேண்டும் என்பதுமில்லை; பல மாடல்களில் டிரிகர் பாகத்தை மட்டும் மாற்றினாலே போதும்.

பலகையைக் கையால் பிடிக்காமல் ஜிக்கில் பொருத்த வேண்டும். சிக்கிய ஆணியை எடுக்குமுன் ஏர் ஹோஸைக் கழற்ற வேண்டும். பிளையரால் ஆணியைப் பிடுங்கி, டிடி ஊசி போட்டு அனுப்புவது சிகிச்சை ஆகாது; ஆணிகளைக் கோத்திருக்கும் கம்பியின் துணுக்கு உள்ளே தங்கக்கூடும் என்பதால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒருநாள் காயமும் பதிவேட்டில் ஏற வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்கும் புரியும்படி பயிற்சி இந்தியிலும் ஒடியாவிலும் நடக்க வேண்டும். காண்டிராக்டரிடம் வேலை பார்ப்பவருக்கும் இவை அனைத்தும் பொருந்தும். பொறுப்பு ஆலை உரிமையாளருடையது.