பழைய மடிக்கணினியை மாற்றுவதற்கு முன்





காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில், வாலாஜாபாத்தைத் தாண்டியதும் பாலாற்றங்கரையில் அமைந்திருக்கும் ஊர் பழையசீவரம். அங்கே வாழும் என் சகோதரியின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். மஃரிப் தொழுகைக்குப் பின் அமர்ந்திருந்தபோது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மருமகள் தன் மடிக்கணினியின் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று, இரவு உணவுக்கு மாவு பிசைந்து, கைகழுவித் திரும்பினாள். அப்போதுதான் திரையில் முகப்பு தோன்றியிருந்தது. "இதுவே பழகிவிட்டது மாமா" என்று சிரித்தாள்.

அந்தக் கணினி அவளுடைய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றபோது அரசு வழங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகத்தான் நம் சமுதாயத்தின் எத்தனையோ வீடுகளுக்குள் கணினி என்ற பொருளே முதன்முதலாக நுழைந்தது. அண்ணன் படித்து முடித்து வேலைக்குச் சென்றுவிட்டான். கணினி தங்கைக்கு வந்து சேர்ந்தது. சென்ற பருவத்தில் ஓர் ஒப்படைப்பை உரிய நேரத்தில் அனுப்ப இயலாமல் அவள் மதிப்பெண் இழந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

அன்றிரவு அவ்வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, புதியது எதற்கு? வீண்செலவு மார்க்கத்தில் கூடாது" என்றார் மைத்துனர். "பழையதைத் தூக்கிப் போடுங்கள் அத்தா, தவணையில் புதியது வாங்கிவிடலாம்" என்றான் மகன். இருவர் பேச்சிலும் ஓரளவு நியாயம் இருந்தது. ஆயினும் இருவருமே மார்க்கத்தின் பாதியை மட்டும் பார்த்தார்கள் என்பது என் எண்ணம். நம் வீடுகள் பலவற்றில் நடக்கும் விவாதம் இது என்பதால், எனக்குப் பட்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

விரயமும் கஞ்சத்தனமும்

விரயத்தைப் பற்றிய எச்சரிக்கை நமக்குப் புதிதன்று. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனமும், பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களும் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி நினைவூட்டப்படுபவை. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறினாலும், அதன் கருத்து குர்ஆனின் போதனைக்கு இசைவானதே. மணல் அள்ளப்பட்டு வறண்டு கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. வற்றாது என்று நினைத்தவையும் வற்றும்.

ஆனால் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம், அளவற்ற அருளாளனின் அடியார்களை விவரிக்கும்போது இரண்டு எல்லைகளைக் குறிப்பிடுகிறது. அவர்கள் செலவிடும்போது வீண்விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் காட்டமாட்டார்கள். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பார்கள் என்பது அதன் கருத்து. முதல் எல்லையைக் காட்டி இரண்டாவதை மறைத்துவிடுவது நம் வீடுகளில் எளிதாக நடந்துவிடுகிறது. தேவையுள்ள மாணவிக்குத் தேவையான கருவியை மறுப்பதற்கு இஸ்ராஃப் என்ற சொல்லைக் கேடயமாக்குவது முறையன்று.

முதலில் நோயை அறிவோம்

அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஒரு பொருள் பழுதானால் முதலில் எழ வேண்டிய கேள்வி, இதைச் சீர்செய்ய முடியுமா என்பதுதான். புதியதை வாங்குவது அதற்குப் பின் வரட்டும்.

மடிக்கணினி மெதுவாவதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் சிலவே. பழைய கணினிகளில் இருப்பது சுழலும் தகடுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க். தகடு சுழன்று, ஊசி அதன்மேல் நகர்ந்து தேடித்தான் ஒவ்வொரு கோப்பும் எடுக்கப்பட வேண்டும். அதற்குப் பதிலாக, நகரும் உறுப்புகளே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் ஐந்து நிமிடத்தில் திறந்த கணினி அரை நிமிடத்தில் திறக்கும். இரண்டாவது காரணம் நினைவகமான ரேம் போதாமை. இன்றைய இணையப் பக்கங்களைத் தாங்க 4 ஜி.பி. போதவில்லை, மாதிரி இடங்கொடுத்தால் 8 ஆக்கிக்கொள்ளலாம். மூன்றாவது, உள்ளிருக்கும் விசிறியில் சேர்ந்த தூசி. வெப்பம் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நான்காவது, மென்பொருள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். எனவே பழைய அரசு மடிக்கணினிகள் பலவற்றுக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. ஆனால் கணினியே செத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. லினக்ஸ் வகை இயங்குதளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசு வழங்கிய கணினிகளிலேயே சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததில்லை. கட்டுரை எழுதவும், பாடக் காணொளி பார்க்கவும், குர்ஆன் விரிவுரை கேட்கவும் இவை போதும். பாடத்திட்டத்திற்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் தேவையெனில் போதாது. அப்போது புதியது தேவை என்பதில் ஐயமில்லை.

டேப்லெட் என்னும் கைக்கணினியின் நிலை வேறு. அதன் நினைவகமும் சேமிப்பகமும் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை, மாற்ற வழியில்லை. தேவையற்ற செயலிகளை நீக்குவதும், மின்கலத்தை மாற்றுவதும், முழுவதுமாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதுமே செய்யக்கூடியவை. அதன் பிறகும் படிப்புக்கு உதவாது எனில், வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பெரிய எழுத்தில் குர்ஆன் ஓத அது உதவும்.

ஓர் எச்சரிக்கை: மின்கலம் உப்பி, மூடி மேலெழும்பி இருந்தால் அதற்குமேல் ஒரு நிமிடமும் மின்னேற்றக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. அது தீப்பற்றும்.

புதியது வாங்குவதென்றால்

பழுதுநீக்கத்தால் பயனில்லை என்று தெரிந்தபின் வாங்குவது குற்றமன்று. கல்விக்காக என்ற எண்ணத்தோடு வாங்கினால், இன்ஷா அல்லாஹ், அதற்கு நற்கூலியும் உண்டு. கவலை வாங்கும் முறையைப் பற்றியது.

"வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரத்தை நம் இளைஞர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், பூச்சிய வட்டி என்ற கருத்தே நடைமுறையில் இல்லாத ஒன்று என்று சொல்லியிருக்கிறது. வட்டி வேறு பெயரில், வேறு இடத்தில் மறைந்திருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கி வாடிக்கையாளரிடம் வட்டியுடன் கடன் ஒப்பந்தம் செய்கிறது, அந்த வட்டித் தொகையை விற்பனையாளர் விலைத் தள்ளுபடியாக ஈடுசெய்கிறார். நடைமுறைக் கட்டணம் தனியே வரும். ஒரு தவணை தாமதமானால் அபராதம் ஏறும். நம் கையெழுத்து விழுவது வட்டி எழுதப்பட்ட தாளில்தான். அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்களை ஓதுபவர், அந்தத் தாளை முழுவதும் படிக்காமல் கையெழுத்திடலாமா? ஐயமிருப்பின் ஒப்பந்த நகலுடன் தம் ஊர் ஆலிமிடம் சென்று கேட்கட்டும். கடைக்காரரே வட்டியோ அபராதமோ இன்றி, நிர்ணயித்த விலையைத் தவணைகளில் பெற்றுக்கொண்டால் அது வேறு செய்தி. அத்தகைய கொடுக்கல் வாங்கலை அறிஞர்கள் அனுமதிக்கின்றனர்.

ஆறு மாதம் சேமித்து, நல்ல நிலையிலுள்ள பழைய கணினி ஒன்றை வாங்குவதிலும் இழுக்கில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகர்களிலும் அலுவலகங்கள் கழித்த கணினிகளைச் சீர்செய்து விற்கிறார்கள். குறையைச் சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். நாம் விற்கும்போதும் குறையைச் சொல்லியே விற்போம். தானியக் குவியலின் அடியில் ஈரத்தைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவரைப் பற்றிச் சொன்ன கடும் எச்சரிக்கை சஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மின்கலம் பத்து நிமிடம்கூட நிற்காது என்பதை மறைத்து விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பதே.

யாருக்கு எது?

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் சகோதரியின் வீட்டில் அந்த ஏழெட்டு ஆண்டுகளில் மகனுக்கு இருசக்கர வண்டி வந்தது. அவன் கைப்பேசி மூன்று முறை மாறியது. அப்போதெல்லாம் வீண்விரயம் பற்றிய பேச்சு எழவில்லை. மகளின் கணினி என்றதும் மார்க்கம் நினைவுக்கு வந்தது. என் மைத்துனர் நல்ல மனிதர், தொழுகையாளி, மகள்மீது அளவற்ற பாசமுடையவர். பழக்கம்தான் அவர் கண்ணை மறைத்தது. நம்மில் பலருக்கும் மறைத்திருக்கிறது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு அண்ணலாரைச் சாட்சியாக்க விரும்பினார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று அண்ணலார் (ஸல்) கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதியோடு நடக்குமாறு பணித்துச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இச்செய்தியை, அடுத்த முறை கடைக்குச் செல்லும் முன் ஒவ்வொரு தகப்பனும் நினைத்துப் பார்க்கட்டும்.

பழையதைக் கொடுக்கும்போது

புதியது வந்தபின் பழையது என்னாகிறது? தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. எனவே பழையதும் புதியதும் சேர்ந்திருக்கும் வீடுகள் பெருகப்போகின்றன.

வழக்கமாக நாம் செய்வது, "மதரஸாவுக்குக் கொடுத்துவிடலாம்" என்பது. எண்ணம் நல்லது. ஆனால் அல்பகரா 267ஆம் வசனத்தின் கருத்தை நினைவிற்கொள்ள வேண்டும்: நமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்கமாட்டோமே, அத்தகைய மட்டமான பொருளைத் தேடி எடுத்து தர்மம் செய்யாதீர்கள் என்பது அது. திறக்காத கணினியை மதரஸாவின் மூலையில் வைத்துவிட்டு வருவது தர்மமாகாது. நம் குப்பையை அல்லாஹ்வின் பெயரால் இடம் மாற்றுவது அது. சீர்செய்து, மின்னேற்றியோடு, ஓடும் நிலையில் கொடுப்பதே ஸதகா.

கொடுக்கும் முன் உள்ளிருப்பதை அழிப்பது ஓர் அமானிதக் கடமை. குடும்பப் பெண்களின் புகைப்படங்களும், ஆதார் நகல்களும், வங்கி விவரங்களும் அதில் உள்ளன. கோப்புகளை நீக்கிக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்தால் அவை அழிந்துவிடுவதில்லை. மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. முழு வட்டையும் மேலெழுதி அழியுங்கள். அல்லது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

முற்றிலும் உதவாததை இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. மீதியில் ஒரு பகுதி தில்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களைச் சென்றடைகிறது. அங்கே கம்பிகளை எரித்தும், பலகைகளை அமிலத்தில் நனைத்தும் செம்பையும் தங்கத்தையும் பிரிக்கும் ஏழைத் தொழிலாளர்களில் நம் சகோதரர்களும் சகோதரிகளும் கணிசமானோர். ஈயமும் காட்மியமும் அவர்களின் மூச்சிலும் அவர்கள் குழந்தைகளின் இரத்தத்திலும் கலக்கின்றன. பிறருக்குத் தீங்கிழைத்தல் கூடாது என்ற நபிமொழி நம் அலமாரியில் கிடக்கும் பழைய கணினிக்கும் பொருந்தும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. கணினியின் நிறுவனத்தையோ அதன் சேவை மையத்தையோ அணுகி ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

இறுதியாக, மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை பழைய கணினிகளைத் திரட்டி, கணினி பழுதுநீக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் இருவரை அமர்த்தினால், மூன்று பழுதான கணினிகளின் உறுப்புகளிலிருந்து ஒன்றோ இரண்டோ ஓடும் கணினிகளை உருவாக்க முடியும். நூலகப் புத்தகம்போல் அவற்றைப் பருவத் தேர்வுக் காலத்தில் மாணவ மாணவியருக்கு இரவல் தரலாம். மய்யித்துக்கான சந்தூக்கையும் நிக்காஹ் பாத்திரங்களையும் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் மரபு நம்முடையது. கணினியையும் அப்படி வைப்பதில் என்ன தடை?

பழையசீவரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஞாயிறு அண்ணனே தங்கையின் கணினியை எடுத்துச் சென்று எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் நிறுவிக்கொண்டு வந்தான். புதிய கைப்பேசிக்காக அவன் ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியே அதற்குச் செலவானது. மீதியை, அவள் இறுதியாண்டில் தேவைப்பட்டால் வட்டியின்றிப் புதியது வாங்க, அத்தாவிடம் கொடுத்து வைத்திருக்கிறான். இப்போது மாவு பிசையும் நேரத்திற்குள் அவள் ஒரு பக்கம் எழுதி முடித்துவிடுகிறாளாம்.

நம் செலவுகளிலும் சேமிப்புகளிலும், கொடுப்பதிலும் கழிப்பதிலும் நடுநிலையைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.