கையெழுத்து நம்முடையது, பணம் யாருடையது?

பணத்தைக் கண்ணால் பார்க்காதவனிடம் வந்து, "வட்டியும் முதலுமாகக் கட்டு" என்று பாங்கி கேட்டால் அது எந்த ஊர் நியாயம்? கடலூர் மாவட்டத்துக் கரும்பு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது.

பெண்ணாடத்தில் அம்பிகா சர்க்கரை ஆலை. ஏ.சித்தூரிலும் தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியிலும் அதே முதலாளிகளின் திருஆரூரான் ஆலைகள். வெட்டி அனுப்பிய கரும்புக்கே காசு பாக்கி. அது போதாதென்று, விவசாயிகளின் பெயரிலேயே நிர்வாகம் பாங்கிகளில் கடன் வாங்கிக்கொண்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. கம்பெனி திவாலாகித் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. ஆலைகள் கைமாறின. பாங்கி நோட்டீசோ விவசாயியின் குடிசைக்கு வந்தது! 2022-ல் திருமண்டங்குடி ஆலை வாயிலில் தொடங்கிய போராட்டத்தில், "எங்கள் பெயரில் வாங்கிய கடனை எங்கள் தலையிலிருந்து இறக்கு" என்பதும் ஒரு முக்கியக் கோரிக்கை.

நிலமும் பட்டாவும் உள்ளவனுக்கே இந்தக் கதி என்றால், கூலி ஒன்றையே நம்பி வாழும் நமக்கு என்ன கதி? நெல்லிக்குப்பத்து ஆலைத் தொழிலாளியும், சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயத் தொழிலாளியும் நாள்தோறும் சந்திக்கும் பேச்சு ஒன்று உண்டு: "சும்மா ஒரு கையெழுத்துதானே, போடப்பா!"

அந்த "சும்மா"வுக்குச் சட்டம் என்ன விலை வைத்திருக்கிறது, தெரியுமா?

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. முத்திரை ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக அதன் 20-வது பிரிவு கருதுகிறது. செக்கின் கதியும் அதுவே. வெற்றுச் செக்கானாலும், மனமொப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், கடனுக்காகவே கொடுத்ததாக அனுமானிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் தீர்ப்பளித்தது. இல்லை என்று காட்டும் சுமை நம்முடையது. செக்குத் திரும்பினால் 138-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, செக்குத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஜாமீன் கையெழுத்தும் லேசானதல்ல. கடன்காரன் எவ்வளவுக்குப் பொறுப்போ, ஜாமீன்தாரரும் அவ்வளவுக்குப் பொறுப்பு என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். வாங்கியவன் ஊரைவிட்டு ஓடினால், கொடுத்தவன் நேரே நம் வாசலுக்கு வரலாம்.

ஆகவே "கையெழுத்துப் போடாதே" என்று உபதேசித்துவிட்டால் போதுமா? போதாது! பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, அடுப்பில் உலையில்லாமல் நிற்பவனுக்கு மறுக்கும் சுதந்திரம் எங்கே இருக்கிறது? நெருக்கடி தெரிந்துதானே வெற்றுத்தாளை நீட்டுகிறான் கந்துவட்டிக்காரன்! தனியாக நிற்கும் கை நடுங்கும். பத்துப் பேர் பின்னால் நின்றால் அதே கை "தொகையை எழுது, பிறகு போடுகிறேன்" என்று சொல்லும். சங்கம் இருப்பது எதற்கு? கூலி உயர்வுக்கு மட்டுமா?

தோழர்களே! தொகையும் தேதியும் எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். கடனை அடைத்த அன்றே நோட்டையும் செக்கையும் திரும்பக் கேளுங்கள். நம் கையெழுத்தை வேறொருவன் போட்டிருந்தால், அது நம்முடையதல்ல என்று தாமதமின்றி எழுத்திலே மறுத்துப் போலீசில் புகார் செய்யுங்கள்.

வக்கீல் நோட்டீசு வந்தால் பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கோர்ட் கொள்ளும். செக்குத் திரும்பிய நோட்டீசு கைக்கு வந்து 15 நாள்தான் தவணை. அதற்குள் பதில் போக வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடனுக்காக ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்கினால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. இவற்றை வென்று தந்தது உழைப்பாளி மக்களின் போராட்டமே.

சர்க்காரிடம் நாம் கேட்பது என்ன? யார் பெயரில் கடனோ அவர் கையில் பணம் சேர்ந்ததென்று பாங்கி காட்டட்டும். பத்திரம் தமிழில் இருக்கட்டும். ஆலை தின்ற கடனை ஆலைச் சொத்திலிருந்து வசூலிக்கட்டும். கூட்டுறவுக் கடன் கூலிக்காரனுக்கும் கிடைக்கட்டும்!

லாபம் வரும்போது "என் ஆலை" என்கிறான் முதலாளி; கடன் வரும்போது "உன் கையெழுத்து" என்கிறான். இந்தக் கணக்கை மாற்றி எழுத ஒன்றுபட்ட கைகளால் முடியும். பேனாவைத் தொடுமுன் சங்கத்தைத் தேடுவோம்!