முதல்ல எந்தச் சண்டை?

‘முதல்ல சாதி ஒழியட்டும், பொம்பளைங்க பிரச்சினைய அப்புறம் பேசலாம்.’ நம் தோழர்கள் பலர் வாயில் இது சுலபமாக வருகிறது. சொந்த வீட்டில் வாங்கிய அடியை ஒரு தலித் பெண் எழுதிவிட்டால், எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்துட்டா என்கிறார்கள். இவர்கள் புச்சி எமெச்செட்டாவின் ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ (1974) நாவலைப் படிக்க வேண்டும்.

அடா, நைஜீரியாவின் இக்போ இனத்துப் பெண். தம்பியைத்தான் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். இவள் யாரையும் கேட்காமல் தானே போய் வகுப்பில் உட்கார்ந்தாள். வளர்ந்து, லாகோஸில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் புருஷனை லண்டனுக்குப் படிக்க அனுப்பினாள். பிறகு பிள்ளைகளோடு தானும் போனாள்.

லண்டன் என்ன கொடுத்தது? கறுப்பருக்கு இடமில்லை என்று எழுதி வைத்த வீடுகள். போனில் குரலை மாற்றிப் பேசி அறை கேட்கிறாள். நேரில் தோலைப் பார்த்ததும், அறை போயிடுச்சு என்கிறாள் வீட்டுக்காரி. வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு இந்தப் பொய் புதுசா?

அறைக்குள் புருஷன் பிரான்சிஸ். பரீட்சையில் தேறாதவன், அவள் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு அவளையே அடிக்கிறவன். கருத்தடைக்குப் புருஷன் கையெழுத்து கேட்கிறார்கள், அவளே போட்டுக்கொள்கிறாள். தெரிந்ததும் அடி விழுகிறது. அவள் எழுதிய முதல் நாவலை அடுப்பில் போட்டு எரிக்கிறான். அத்தோடு அவனை விட்டு வெளியேறுகிறாள்.

அடாவும் அப்பழுக்கில்லாதவள் அல்ல. ஊரில் வேலைக்காரர் வைத்திருந்தவள், லண்டனில் அப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்க முகம் சுளிக்கிறாள். எமெச்செட்டா அதையும் மறைக்கவில்லை.

இது அவருடைய சொந்தக் கதை. 1944இல் லாகோஸில் பிறந்த அவருடைய முதல் கையெழுத்துப் பிரதியையும் கணவர்தான் எரித்தார். அவர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். ‘தி பிரைட் பிரைஸ்’ 1976இல் வெளிவந்தது. 5 பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டே சமூகவியலில் பட்டம் வாங்கினார். 2017இல் மறைந்தார்.

லண்டன் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு விடுதலை கொடுத்த கதை என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. லண்டன் கொடுத்தது இரண்டாந்தர இடம். விடுதலையை அவள் தன் சம்பளத்திலும் பேனாவிலும் தேடிக்கொண்டாள்.

தோழர்களே, அவளுக்கு வீட்டுக் கதவைச் சாத்தியது வெள்ளை இனவெறி. ஆனால் அந்தத் தாள்களை எரித்தது வெள்ளைக்காரன் இல்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதியதால் கறுப்பர் போராட்டம் செத்துப் போய்விடவில்லை. நம் பெண்கள் எழுதினால் மட்டும் எப்படிச் செத்துப் போகும்? அப்புறம் பேசலாம் என்கிறீர்களே, அந்த அப்புறம் எந்த வருஷம்? தேதியைச் சொல்லுங்கள்.