நீமோவுக்கு ஒரு வீடு... அவசரப்பட்டதால் நான் கற்ற பாடம்!

ராத்திரி இரண்டு மணி இருக்கும். அக்கா வீட்டு ஹாலில் இருந்து அப்படி ஒரு நாற்றம். கேஸ் கசிகிறதோ என்று பயந்து ஓடிவந்து லைட்டைப் போட்டால், ஒன்பது நாளுக்கு முன் வாங்கி வைத்த மீன் தொட்டி பால் ஊற்றியதுபோல வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது.

அக்கா மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த தொட்டி அது. 'ஃபைண்டிங் நீமோ' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. "சித்தி, எனக்கு நீமோ வேணும். நீமோவோட வீடும் வேணும்" என்றாள். சித்தி சும்மா இருப்பேனா? ஒரே சனிக்கிழமையில் 60 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன், ஒரு கடல் சாமந்தி என்று எல்லாவற்றையும் வாங்கி, அன்று மாலையே தண்ணீர் ஊற்றி, மீனையும் விட்டாயிற்று. கடைக்காரர் கிளம்பும்போது மெதுவாக, "உயிர்ப் பவளம் ஒண்ணு இருக்கு, வேணும்னா தரேன். வெளிய சொல்லிக்காதீங்க" என்றார். கையில் காசு இல்லாததால் வேண்டாம் என்றேன். ஏன் வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ராத்திரி நடந்தது இதுதான். கடல் சாமந்தி இடம்பிடிக்காமல் நகர்ந்து நகர்ந்து, தண்ணீரைச் சுழற்றும் வேவ் மேக்கர் மோட்டாருக்குள் சிக்கிக் கிழிந்துவிட்டது. செத்த சாமந்தி அழுகி மொத்தத் தண்ணீரையும் விஷமாக்கியது. சின்ன மீன் மிதந்தது. பெரியது மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெருவில் பல வருடமாகக் கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்குப் போன் போட்டோம். நல்ல மனுஷன், அந்த நேரத்திலும் வாளியோடு வந்து பெரிய மீனைத் தன் தொட்டிக்குக் கொண்டுபோனார். போகும்போது சொன்னது: "நீங்க மீன் வாங்கலம்மா. கடல்ல ஒரு துண்டை வாங்கியிருக்கீங்க. அதை ஒரே நாள்ல கட்ட முடியுமா?"

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை எல்லாம் இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

சாமந்திக்கும் கோமாளிக்கும் என்ன உறவு?

கடல் சாமந்தி பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும், அது விலங்கு. பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தக்காரர். அதன் ஒவ்வொரு விரலிலும் கண்ணுக்குத் தெரியாத கொடுக்குகள் உண்டு. வேறு சின்ன மீன் தொட்டால் அதோடு கதை முடிந்தது. கோமாளி மீனின் உடம்பைச் சுற்றியிருக்கும் வழவழப்புப் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

வாடகை இல்லாமலும் இல்லை. சாமந்தியைக் கொறிக்க வரும் மீன்களைக் கோமாளி விரட்டுகிறது. அதன் கழிவு சாமந்தியின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது. அந்தப் பாசிகள் வெளிச்சத்தில் உணவு தயாரித்துச் சாமந்திக்கு ஊட்டுகின்றன. பவளங்களுக்கும் இதே ஏற்பாடுதான். அதனால்தான் இரண்டுக்குமே சாதாரண ட்யூப்லைட் போதாது. வலுவான விளக்கு வேண்டும்.

கோமாளி மீனில் கிட்டத்தட்ட 30 வகை உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி வகைகளில் வெறும் பத்து மட்டுமே அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. எந்தச் சாமந்தியையும் எந்தக் கோமாளியோடும் சேர்த்து வைத்தால் குடும்பம் நடத்திவிடும் என்பதெல்லாம் இல்லை.

இன்னொரு ஆச்சரியம். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது இறந்துவிட்டால், அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். படத்தில் நீமோவின் அம்மா இறந்த பிறகு அப்பா மார்லின் மகனைத் தேடிக் கடல் முழுக்க அலைவார். நிஜத்தில் நீமோவின் அப்பா, நீமோவின் அம்மாவாகவே மாறியிருப்பார்! அதனால் ஜோடி வாங்குபவர்கள் ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் இரண்டு குட்டிகளை வாங்குங்கள். வளர்ந்த இரண்டு பெண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் சாகும்வரை சண்டைதான்.

முதலில் தண்ணீர், கடைசியில்தான் சாமந்தி

நான் செய்த பெரிய தப்பு, வரிசையைத் தலைகீழாக்கியது.

மீனின் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், இது அவ்வளவு மோசமில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் தொட்டியின் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால்தான் கோமாளிக்குக் கதவு திறக்க வேண்டும்.

உப்பு? சமையல் உப்பு இல்லை. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 100 லிட்டர் தொட்டி என்றால் மூன்றரைக் கிலோ. குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் டி.டி.எஸ். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். அதனால் குறைந்த அளவை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணீரையே ஊற்றி, ஒரே வாரத்தில் தொட்டியைக் கருவாட்டுப் பானையாக்கியிருந்தேன். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றும்போது மட்டும்தான் உப்புத் தண்ணீர்.

கடல் சாமந்திக்கு இந்த ஆறு வாரமெல்லாம் போதாது. தொட்டி குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் நிலையாக ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வேவ் மேக்கரின் வாயில் ஸ்பாஞ்ச் கவசம் மாட்டிவிட்டுத்தான் விட வேண்டும். இடம் பிடிக்கவில்லை என்றால் அது நடக்கும். நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஹாலே சாட்சி.

கடையில் பளீர் மஞ்சள், ரோஸ் நிறத்தில் சாமந்தி இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். சுத்த வெள்ளையாக இருந்தால் அதன் பாசியெல்லாம் போய்ப் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு வந்தது 'அழகான வெள்ளை'. பாப்பாவுக்குப் பிடித்த நிறம் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

'வெளிய சொல்லாதீங்க' ஏன்?

அந்தக் கேள்விக்குப் பதில், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், கடல் விசிறி ஆகியவை எல்லாம் அதன் முதல் அட்டவணையில் இருப்பவை. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல்! பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்த பவளத்தை ஷோகேஸில் வைப்பதற்கும் இது பொருந்தும். 'லைவ் ராக்' என்று விற்கும் கடல் பாறையும் பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடுதான். அதற்குப் பதில் செராமிக் பாறைகள் கிடைக்கின்றன. பாக்டீரியாவுக்கு எந்த வீடாக இருந்தாலும் சரிதான்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. 1986-ல் அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். இப்போது கடல் சூடாகிப் பவளங்கள் வெளுக்கின்றன. பல வகைப் பவளப்பாறைகள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு கைப்பிடி பவளம் என்பது, நம் பாப்பாவின் வயதைவிட மூத்த உயிராக இருக்கலாம்.

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்கள், "இங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்களே" என்று கேட்கலாம். பல நாடுகளில் தொட்டியிலேயே வளர்த்து, துண்டு துண்டாக வெட்டி விற்கும் பவளங்கள் சட்டப்படியே கிடைக்கின்றன. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, கடலில் பறித்ததா, தொட்டியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். சாமந்தியும் பவளமும் ஒரே தொட்டி என்றால் முதலில் சாமந்தி, அது ஓரிடத்தில் நிலைத்த பிறகு, விரல்கள் எட்டாத தூரத்தில் பவளம். எட்டினால் கொட்டிக் கொன்றுவிடும். பட்டன் மாதிரி இருக்கும் ஸோவாந்திட் வகைகளை வெறும் கையால் தொடாதீர்கள். சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டு, அந்த ஆவியால் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

கடலைத் தொடாமல் ஒரு நீமோ

நல்ல செய்தியும் இருக்கிறது. கோமாளி மீனைக் கடலில் பிடிக்கத் தேவையே இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. பெண் மீன் முட்டையிட, ஆண் மீன்தான் விசிறி விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, குருணைத் தீனியைத் தயங்காமல் சாப்பிடும். முக்கியமாக, அதற்குச் சாமந்தி கட்டாயமே இல்லை! கடலில் விரட்டிச் சாப்பிட ஆள் இருப்பதால்தான் அதற்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். தொட்டியில் அந்தப் பயம் கிடையாது.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

* கோமாளி மீன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடம்கூட வாழும். ஆறு வயதுக் குழந்தைக்கு வாங்கினால், அவள் வேலைக்குப் போகும்வரை அது இருக்கலாம். அதுவரை யார் பார்த்துக்கொள்வது?

* தண்ணீர் 24 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் தொட்டிக்கும் வியர்க்கும். மேலே சின்ன ஃபேன் மாட்டினால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். சாமந்தி வைப்பதென்றால் சில்லர் செலவையும் கணக்கில் எடுங்கள்.

* கரன்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

* சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் தப்பு செய்ய இடமும் குறைவு. 100 லிட்டருக்குக் குறையாமல் தொடங்குங்கள். பாறை, மணல் தவிரத் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. ஸ்டாண்ட் உறுதியாக இருக்கட்டும்.

* "இந்த மீன் பண்ணையா, கடலா?" என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இதெல்லாம் முடியாது என்றால் வெட்கமில்லை. நன்னீரில் கப்பியும் மோலியும் அழகுதான், குழந்தைகளுக்கும் முதல் பாடம் அங்கேதான் சுலபம்.

பாப்பா என்ன சொன்னாள்?

அன்று காலை எழுந்து வந்து காலித் தொட்டியைப் பார்த்தவள், "நீமோ எங்க சித்தி?" என்றாள். பொய் சொல்ல வாய் வந்தது. 'கடலுக்குப் போயிட்டான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சித்தி அவசரப்பட்டுட்டேன்டா. அதனால ஒரு மீன் செத்துப்போச்சு" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் அவளையும் உட்கார வைத்துத் தொடங்கினோம், இந்த முறை 120 லிட்டர். உப்பு கலப்பது அவள் வேலை. டெஸ்ட் கிட்டில் நிறம் மாறுவதைக் காலண்டரில் குறிப்பதும் அவள்தான். ஏழு வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லாம், "என்ன, மீனே இல்லாத மீன் தொட்டி?" என்று சிரித்தார்கள். "இன்னும் அம்மோனியா போகல" என்று அவள் பதில் சொல்வாள்.

எட்டாவது வாரம், பக்கத்துத் தெரு அண்ணன் அந்தப் பெரிய மீனை வாளியில் திரும்பக் கொண்டுவந்தார். கூடவே பண்ணையில் பிறந்த ஒரு சின்னக் கோமாளியும் வந்தது. இப்போது எட்டு மாதம் ஆகிறது. பெரியது அம்மாவாகிவிட்டது போலிருக்கிறது. கையை உள்ளே விட்டால் ஓடிவந்து கடிக்கிறது!

தொட்டியில் பவளம் இல்லை, கடல் சாமந்தியும் இல்லை. சாய்த்து வைத்த ஒரு சின்ன மண்சட்டி இருக்கிறது. ராத்திரி லைட் அணைந்ததும் இரண்டும் அதற்குள் போய் ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன.

"நீமோவுக்குச் சாமந்தி வாங்கலாமாடா?" என்று போன வாரம் பாப்பாவிடம் கேட்டேன்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகல சித்தி" என்றாள், காலண்டரைப் பார்த்துக்கொண்டே.