செத்தால்தான் சாமி, செத்தால்தான் நாயகி

2011ஆம் வருஷம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டர். ‘காஞ்சனா’ ஓடுகிறது. ஹார்பர் வேலை முடித்து வந்தவன், காசிமேட்டில் வலையை உதறிவிட்டு வந்தவன், காலேஜுக்கு மட்டம் போட்டு வந்த நம் மாணவத் தோழன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பேய் புகுந்த ராகவா லாரன்ஸ் சேலையும் வளையலுமாக ஒயிலாக நடக்கிறார். ‘டேய், ஒம்போதுடா!’ என்று ஒருத்தன் கத்த, கொட்டகையே அதிர்கிறது. நானும்தான் சிரித்தேன். ஒளித்துப் பேச என்ன இருக்கிறது?

பின்பாதியில் சரத்குமார் வருகிறார். திருநங்கை காஞ்சனா. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட அவள் வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பறித்துக்கொள்கிறான். தட்டிக் கேட்டவளைக் கொல்கிறான். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் பெரியவரையும், மனவளர்ச்சி குன்றிய அவர் மகனையும் சேர்த்துக் கொன்று மண்ணில் புதைக்கிறான். கொட்டகை கப்சிப். சற்றுமுன் கத்தியவனும் மூக்கை உறிஞ்சுகிறான். அதே சேலை, அதே நடை. உயிரோடு இருக்கிற உடம்பில் அது காமெடி; பிணத்தின்மேல் கிடந்தால் காவியம். இதுதான் தோழர்களே, இந்தச் சிரிப்புப் பேய்ப் படங்களின் சூத்திரம்.

இதே லாரன்ஸ் 2007இல் எடுத்த ‘முனி’யைப் பாருங்கள். ராஜ்கிரண் குடிசைவாசி முனியாண்டியாக வருகிறார். அரசியல்வாதியின் வாக்கை நம்பி சனங்களிடம் ஓட்டுக் கேட்டவர். ஜெயித்தவன் அவரைத் தீர்த்துக்கட்டுகிறான். சேரிக்காரன், திருநங்கை, முஸ்லிம், ஊனமுற்ற பையன் — ஊர் எவரையெல்லாம் விளிம்புக்குத் தள்ளியதோ அவர்களெல்லாம் இந்தப் படங்களில் நியாயவான்கள்தான். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் செத்தாக வேண்டும். செத்தபிறகும் சும்மா நியாயம் கிடைத்துவிடாது. கதாநாயகனின் உடம்பை இரவல் வாங்கியாக வேண்டும். நம்ம கோபத்துக்குக்கூட அவன் உடம்புதான் வேணுமாம்!

இது சினிமாக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கியது யார்? காத்தவராயனைக் கழுவேற்றியது யார்? கொன்றுவிட்டு, குற்ற உணர்வோ பயமோ உறுத்த, எல்லையில் கல் நட்டுப் படையல் போட்டது இந்தச் சாதிச் சமூகம். உயிரோடு இருந்தவனுக்கு உரிமை கிடையாது. செத்தவனுக்குச் சாராயமும் சுருட்டும் உண்டு. அந்தப் படையலுக்கு இப்போது டிக்கெட் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

‘காஞ்சனா’வின் முடிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வில்லன் கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். பேய் உள்ளே நுழையக் கூடாதாம். கொலைகாரன் கருவறைப் பக்கம் நின்று எக்காளமிடுகிறான். கொலையுண்டவள் வாசலில் நின்று சாமியிடம் கெஞ்சுகிறாள். இந்தக் காட்சி நமக்குப் புதுசா? 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே வரக்கூடாதென்று ஊர் மறித்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். படத்தில் சாமி மனமிரங்கி விடுகிறது. ரத்தம் தெறிக்கிறது, கை தட்டுகிறோம். வாசலில் நிறுத்திய சட்டத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை. சாமி இரக்கப்பட்டால் அது சலுகை. நாம் கேட்பது உரிமை.

‘ஒரு மாஸ் நடிகர் திருநங்கையாக நடித்ததே பெரிசு, குறை சொல்றியே’ என்று தோழர்கள் கேட்பார்கள். பெரிசுதான், மறுக்கவில்லை. அந்தப் பின்பாதி எத்தனையோ வீடுகளில் ஒரு கண்ணைத் திறந்திருக்கும். ஆனால் கண்ணீருக்கு முன்னால் ஒரு மணிநேரம் எதை வைத்துச் சிரிக்க வைத்தார்கள்? அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதுவோம்.

படம் வந்த சில வாரத்தில் காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். கடை கடையாகக் காசு கேட்டு வந்த ஒரு திருநங்கையைப் பார்த்து நம்ம பையன்கள் ‘காஞ்சனா! காஞ்சனா!’ என்று கூச்சல் போட்டார்கள். அவர் திரும்பி நின்று, சத்தம் போடாமல்தான் கேட்டார்: “படத்துல செத்தவளுக்கு அழுவுறீங்க. உசுரோட கீறவளப் பாத்தா இன்னா நைனா சிரிப்பு?”

ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. தீர்ப்பு வந்தது, சிரிப்பு நிற்கவில்லை.

நம்மைக் குடிகாரனாய், ரவுடியாய், பாஷை தெரியாதவனாய்க் காட்டிச் சிரிக்கும்போது நமக்குச் சுடுகிறது. அந்தச் சூடு, பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து நாம் சிரிக்கும்போது எங்கே போகிறது? நம்மைப் பார்த்துச் சிரித்தவனின் வாயை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அதுதான் நமக்குள் புகுந்த பேய். முதலில் அதை ஓட்டுவோம்.