விருந்தின் கோப்பையில் என்ன இருக்கிறது?



திருமண நாள், பிள்ளையின் தேர்வு வெற்றி, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் நாள் என ஆண்டில் சில மாலைகளிலாவது வீட்டில் சிறப்பான விருந்து ஒன்றை ஆயத்தம்பண்ண நம் எல்லாருக்கும் விருப்பம் உண்டு. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே வாளையார் எல்லையில் வாழ்ந்து, பின்பு நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இரு மாநிலத்துச் சமையலும் கைவந்ததே. ஆகையால் என்ன சமைப்பது என்பதில் சிக்கல் இல்லை. கோப்பையில் என்ன ஊற்றுவது என்பதே கேள்வி.

இக்காலத்து விருந்துகளில் 'ஹோம் ஒயின்' என்ற பெயர் அடிக்கடி கேட்கப்படுகிறது. வீட்டில் செய்ததுதானே, அதில் என்ன இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். திராட்சையைச் சர்க்கரையோடும் ஈஸ்டோடும் பரணியில் இட்டு மூன்று வாரம் மூடிவைத்தால், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுசாரமாக மாற்றிவிடும். வீட்டில் செய்தாலும் அது மதுவே. 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை, வீடுகளில் ஒயின் தயாரிப்பது அப்காரிச் சட்டப்படி குற்றமாகும் என்று எச்சரித்ததும், அதுபற்றி விவாதம் எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

நம் தமிழ் வேதாகமத்தில் 'திராட்சரசம்' என்னும் ஒரே சொல் புளிக்காத சாற்றையும் புளித்த மதுவையும் நினைப்பூட்டக்கூடியது. எனவே விருந்தளிக்கிறவள் தன் கோப்பையில் இருப்பது எது என்று தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவள்.

இது அற்பக் காரியம் அன்று. 2020 அக்டோபரில் வாளையாரை அடுத்த செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் நச்சுச் சாராயம் குடித்து ஐந்து பேர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீட்டு ஒயின் அத்தகைய நஞ்சு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் மேசைக்கு வருகிறவர்களில் குடியினால் தகப்பனை இழந்தவர் இருக்கலாம். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் குடியை விட்டவரும் இருக்கலாம். அப்படி விட்டவருக்கு ஒரு மிடறும், சில வேளை அதன் வாசனையுங்கூட, பழைய தாகத்தை எழுப்பிவிடும். அவர் மறுக்கவும் கூசுவார், குடிக்கவும் அஞ்சுவார். அந்த இக்கட்டில் விருந்தாளியை நிறுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

இதற்கு நல்ல வழி ஒன்று வெகு காலத்துக்கு முன்பே கண்டறியப்பட்டது. 1869-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாண்ட் என்னும் ஊரில், தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், லூயி பாஸ்டர் கண்ட முறைப்படி திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புட்டியில் அடைத்தார். சூட்டினால் ஈஸ்ட் செத்துப்போகும், சாறு புளிப்பதில்லை. இராப்போஜனத்துக்கு மதுவற்ற ரசம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதே முறையை நம் அடுப்பிலும் செய்யலாம்.

எட்டுப் பேருக்கு இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். இடுக்கி மலையடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நன்றாகக் கழுவி, காம்பு நீக்கி, ஒரு குவளை நீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை இளந்தீயில் பத்து நிமிடம் வைக்கவும். வடிகட்டி, 200 கிராம் சர்க்கரை சேர்த்து, மீண்டும் ஆவி எழும்வரை சூடாக்கி, கொதிக்குமுன் இறக்கவும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் பயன்படுத்தவும். ஒயின் கிண்ணங்களில் ஊற்றாமல் சாதாரணக் கண்ணாடித் தம்ளரிலேயே கொடுங்கள். குடியை விட்டவருக்கு அந்தக் கிண்ணமும் ஒரு நினைவூட்டல்.

இனிப்புக்கு 'பை' செய்யலாம். மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் மேனாட்டுப் பண்டம் இது. நம் நேந்திரம்பழம் அதற்கு வெகு பொருத்தம். 250 கிராம் மைதாவில் சிட்டிகை உப்பும், குளிர்ந்த வெண்ணெய் 125 கிராமும் இட்டு, ரவைபோல ஆகும்வரை விரல்நுனியால் உதிர்க்கவும். நான்கைந்து தேக்கரண்டி ஐஸ் நீர் தெளித்துத் திரட்டவும். சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்தால் ஓடு கடினமாகும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் இருக்கட்டும். கனிந்த நான்கு நேந்திரம்பழங்களை நறுக்கி நெய்யில் வதக்கி, 100 கிராம் வெல்லம், அரைக் குவளை தேங்காய்த் துருவல், ஏலப்பொடி சேர்த்துக் கிளறி ஆறவிடவும். மாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தேய்த்துத் தட்டில் பரப்பி, பூரணம் நிரப்பி, மீதியால் மூடி, மேலே கீறலிட்டுப் பால் தடவவும். ஓவனில் 190 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வேகட்டும். ஓவன் இல்லாதோர் கனத்த பாத்திரத்தைப் பத்து நிமிடம் காயவைத்து, உள்ளே முக்காலி இட்டு, மூடி, இளந்தீயில் சுமார் 50 நிமிடம் சுடலாம். மேல்புறம் அதிகம் சிவக்காது, சுவை குறையாது.

ஆப்பமும் கோழி ஸ்டூவும் இரவுணவாகட்டும். சாறும் ஆப்ப மாவும் முந்தின நாளே முடியட்டும். விருந்தன்று காலையில் பூரணமும் ஓட்டு மாவும், மாலை ஐந்து மணிக்குப் பை, ஆறு மணிக்கு ஸ்டூ என்று வகுத்துக்கொண்டால், விருந்தினர் வரும் ஏழரை மணிக்கு வீட்டுக்காரியும் அவர்களோடு உட்காரலாம். பை ஒரு மணி நேரமாவது ஆறினால்தான் துண்டு சிதையாமல் வரும்.

பரிமாறும்போது நீண்ட உபதேசம் வேண்டாம். "இது நேற்று நானே காய்ச்சிய திராட்சைச் சாறு, புளிக்காதது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போராடி வென்ற அந்தச் சகோதரன் யாரிடமும் விளக்கம் சொல்லாமல், எல்லாரையும்போலத் தம்ளரைக் கையில் எடுப்பார்.