புதைவடம்: எங்கு வேண்டும், எங்கு வேண்டா?

புயலடித்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் ஒரே குரல் எழுகின்றது: மின்கம்பிகளையெல்லாம் மண்ணுள் புதைத்துவிட வேண்டும் என்பதே அது. விளக்குகள் மீண்டும் எரியத் தொடங்கியதும் அக்குரல் அடங்கிவிடுகின்றது. பின்னர், அடுத்த புயலில்தான் அது தலைதூக்கும். எல்லாவற்றையும் புதைத்துவிடுவதும் இயலாது. எதையும் புதையாது விடுவதும் தகாது. எங்குப் புதைக்க வேண்டும், எங்கு வேண்டா என்று பிரித்தறிவதே அறிவுடையார் செயலாகும்.

புதைப்பதன் நன்மையை மறுப்பார் இலர். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கசா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. சிற்றூர்கள் பல, கிழமைக் கணக்கில் இருளில் கிடந்தன. மின்னாற்றல் இல்லாமையால் நீரிறைக்கும் பொறிகள் ஓடவில்லை. குடிநீருக்கும் மக்கள் அல்லலுற்றனர். அண்டை மாநிலப் பணியாளரும் வந்து உதவ வேண்டியதாயிற்று. மண்ணுள் கிடக்கும் வடத்தைக் காற்றுச் சாய்ப்பதில்லை; தென்னை விழுந்து அறுப்பதுமில்லை. 2022 ஏப்பிரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில், தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். அக்கம்பி மண்ணுள் இருந்திருப்பின் அவ்வுயிர்கள் போயிரா.

ஆயினும் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். புதைவடத்திற்கு ஆகும் செலவு பன்மடங்கு. மேலே செல்லும் வெற்றுக் கம்பியைக் காற்றே குளிர்விக்கின்றது. புதைவடத்திற்கோ வலிய காப்புறை வேண்டும்; அதன் வெப்பம் மண்ணில் எளிதில் பரவாது; ஆகலின் கம்பியும் தடித்ததாய் இருத்தல் வேண்டும். மிகவுயர் அழுத்தத்தில் நெடுந்தொலைவு செல்லும் வழிகளில், வடத்திற்கு மின்னூட்டம் ஏற்றுவதிலேயே அதன் திறனில் ஒரு பங்கு போய்விடும். அவை உயர்தூண்களின்மேல் செல்வதே பெரிதும் ஏற்றது.

பழுது பார்ப்பதும் எளிதன்று. அறுந்த மேற்கம்பி கண்ணுக்குத் தெரியும்; கம்பியாளர் சில மணி நேரத்தில் இணைத்துவிடுவார். புதைவடத்தில் பழுதுற்ற இடத்தைக் கருவிகொண்டு தேடி, சாலையைத் தோண்டி, ஈரம் புகாமல் இணைப்பதற்குள் நாட்கள் கழிந்துவிடும். குடிநீர்க் குழாய்க்கென இறங்கும் கடப்பாரை வடத்தையும் வெட்டும். வேரோடு பெயரும் மரம் வடத்தையும் பெயர்க்கும்.

புதைத்துவிட்டால் இடர் ஒழிந்தது என்று கருதுவதும் பிழை. 2017 நவம்பரில், சென்னைக் கொடுங்கையூரில், மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்துச் சிறுமியர் இருவர் மாண்டனர். அது தலைக்குமேல் தொங்கிய கம்பியன்று. காலடியில் கிடந்த கம்பி. காப்பின்றி விடப்படும் மின்னாற்றல், மேலிருந்தால் என்ன, கீழிருந்தால் என்ன? கொல்லத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால், வழி தெளிவாகின்றது. கடலோர ஊர்களில் மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்திற்கும் செல்லும் வழிகள் முதலில் மண்ணுள் இறங்க வேண்டும். அடுத்து, தேரோடும் தெருக்களும் மக்கள் நெருங்கி நடமாடும் கடைத்தெருக்களும் அவ்வரிசையில் வருதல் வேண்டும். பரந்த வயல்வெளிகளில் புதைவடம் வேண்டா. வலிய கம்பங்களும், காலந்தவறாது கிளை கழித்தலும் போதும். வெள்ளம் தேங்கும் இடங்களில் மின்பகிர்வுப் பெட்டிகளை நீர்மட்டத்திற்கு மேலே உயர்த்தி வைத்தல் வேண்டும். செல்வர் தெருவின் அழகுக்காகப் புதைப்பது கடைசியில் வரட்டும். உழைப்பவர் உயிருக்காகப் புதைப்பதே முதலில் வரவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எவ்விடத்தில் எவ்வளவு ஆழத்தில் வடம் கிடக்கின்றது என்பதற்குச் செப்பமான வரைபடம் வேண்டும். வடத்தின் மேலிடும் எச்சரிக்கைப் பட்டையிலும், பகிர்வுப் பெட்டியிலும், தெருவோரக் குறிக்கல்லிலும் எழுத்துத் தமிழில் இருத்தல் வேண்டும். மண்வெட்டி ஏந்தி அங்கு இறங்குபவன் தமிழன். அவனால் படிக்க இயலாத எச்சரிக்கை யாரைக் காக்கும்?

மின்கம்பியைப் புதைப்பது ஒருநாள் வேலை. புதைத்ததைக் காப்பதோ நாள்தோறும் செய்யவேண்டிய கடமை. அக்கடமைக்கு ஆளும் பொருளும் ஒதுக்காமல் வடத்தை மட்டும் புதைக்கும் அரசு, மக்கள் கண்ணில் படாத இடத்திற்கு இடரை மாற்றி வைக்கின்றதே அன்றி, அதனை நீக்கிவிடவில்லை. இதனை உணர்ந்து கேட்க வேண்டியவர்கள் மக்களே. அடுத்த புயலுக்குப் பின் அன்று; அதற்கு முன்பே கேட்க வேண்டும்.